ஒரு நாளைக்கு மூன்று நாவல்

அமேசான் நிறுவனம் 2023 செப்டம்பரில் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன் கிண்டில் கடையில் சொந்தமாகப் புத்தகம் போடும் எழுத்தாளர், இனி ஒரு நாளைக்கு மூன்று புத்தகங்களுக்கு மேல் போடக் கூடாது.

மூன்று. வருடத்துக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நாளைக்கு.

அதாவது நான்காவது நாவலைக் கொண்டுவந்தால்தான் கம்பெனிக்குச் சந்தேகம் வரும். மூன்று வரைக்கும் அது நேர்மையான உழைப்பு. கல்கிக்குப் 'பொன்னியின் செல்வன்' எழுத 1950 முதல் 1954 வரை பிடித்தது. மொத்தம் ஐந்து பாகம். கம்பெனி விதிப்படி பார்த்தால் திங்கட்கிழமை மூன்று, செவ்வாய்க்கிழமை இரண்டு. செவ்வாய்க் கணக்கில் ஒரு இடம் மிச்சம் இருக்கும். அதில் 'அலை ஓசை'யைப் போட்டுவிடலாம். சோம்பேறி மனிதர், நான்கு வருடத்தை வீணடித்துவிட்டார்.

இந்தக் கட்டுப்பாட்டை அறிவித்தபோது கம்பெனி இன்னொன்றும் சொன்னது: புத்தகங்களின் எண்ணிக்கை ஒன்றும் திடீரென்று எகிறிவிடவில்லையாம். முறைகேட்டைத் தடுக்க ஒரு முன்னெச்சரிக்கைதானாம். அதே சமயத்தில்தான், புத்தகத்தை எழுதியது மனிதரா செயற்கை நுண்ணறிவா என்று எழுத்தாளரிடம் கேட்கும் பழக்கமும் ஆரம்பமானது. பதிலைக் கம்பெனி பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கும் வாசகரிடம் மட்டும் அதைச் சொல்லாது. ரகசியம் காக்கத் தெரிந்த கம்பெனி.

இந்த ஊரில் ஒரு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். பகலெல்லாம் எங்கோ வேலை. ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடியோ கேம். அது முடிந்தபின், அந்த கேம் எங்கே சொதப்பியது என்று பக்கம் பக்கமாக விமர்சனம். ஞாயிற்றுக்கிழமை, சொந்தமாகப் பதிப்பிக்கப்போகும் நாவலில் இன்னொரு அத்தியாயம். நானும் அந்தக் கூட்டம்தான். கல்யாண வீட்டில் எங்களைப் பார்த்தால் பெரியவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "ஏம்ப்பா, இதுல ஏதாச்சும் வருதா?"

வருகிறது பெரியப்பா. தாராளமாக வருகிறது. எங்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான். விளையாடக் காசு கொடுப்பவன் நான். விமர்சனத்தைச் சும்மா எழுதிக் கொடுத்து, கடைக்குக் கூட்டம் சேர்ப்பவன் நான். நாவலை எழுதி, திருத்தி, அட்டை போட்டு அதே மாதிரி இன்னொரு கடையில் அடுக்குபவனும் நான். மூன்று வேலையிலும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் வேறு ஆள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். எங்களுக்கு உழக்கையும் வாடகைக்குத்தான் தருகிறார்கள்.

முதலில் அந்த 'வாங்கு' பொத்தானைப் பார்ப்போம்.

கேம் கடையில் இருக்கிறது. மின்னூல் கடையில் இருக்கிறது. பெரிய எழுத்தில், பளிச்சென்ற நிறத்தில். அழுத்தினால் பணம் போகும். பொருள் வருமா? வராது. உரிமம் வரும். கடைக்காரர் விரும்பும் வரை நீங்கள் அதைப் பார்க்கலாம், படிக்கலாம், விளையாடலாம். வீட்டை விற்றுப் பணமும் வாங்கிக்கொண்டு, சாவியை மட்டும் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு நிற்கும் மனிதரை நம் ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்போம் என்று உங்களுக்கே தெரியும். அங்கே அவருக்குத் தலைமைச் செயல் அதிகாரி என்று பெயர்.

இந்தப் பித்தலாட்டம் கலிஃபோர்னியா அரசுக்கே உறைத்தது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளுக்கு உரிமம் மட்டும் கொடுக்கும் கடை, 'வாங்கு' என்று போட்டால், "இது உரிமம் மட்டுமே" என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஆகா. பொய் சொல்லாதே என்று சட்டம் சொல்லவில்லை. பொய் சொல்வதாக இருந்தால் பக்கத்திலேயே தெரிவித்துவிட்டுச் சொல் என்கிறது. நாகரிகமான நாடு.

யூபிசாஃப்ட் என்றொரு பிரெஞ்சு கம்பெனி. 2014இல் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமை விற்றது. தனியாக உட்கார்ந்து ஓட்டினாலும் கம்பெனியின் சர்வரோடு இணைந்திருந்தால்தான் கார் நகரும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்தவன் கையில் இருந்த வட்டு வெறும் பிளாஸ்டிக் ஆனது. அத்தோடு விட்டார்களா? அடுத்த சில நாட்களில், வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே உரிமத்தைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். பிணத்தையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

அதே ஆண்டு ஜனவரியில்தான் அதே கம்பெனியின் அதிகாரி ஒருவர் பேட்டி கொடுத்திருந்தார். சந்தா முறை வளர வேண்டுமானால், கேம் தமக்குச் சொந்தமில்லை என்பதற்கு ஆட்டக்காரர்கள் பழக வேண்டும் என்பது அவர் கருத்து. பழகிவிடுவோம் ஐயா. மின்வெட்டுக்குப் பழகினோம். சுங்கச்சாவடிக்குப் பழகினோம். காசு கொடுத்து ஏமாறுவதற்குப் பழக மாட்டோமா?

ஐரோப்பாவில் சிலருக்கு மட்டும் பழகத் தெரியவில்லை. விற்ற கேமை இப்படிக் கொல்லாதே என்று ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மனு போட்டு, 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்தைத் திரட்டினார்கள். அவர்கள் இலவசம் கேட்கவில்லை. கொடுத்த காசுக்குப் பொருள் கேட்டார்கள். கம்பெனிகள் தரப்பிலிருந்து வந்த பதிலின் சாரம்: அது ரொம்பச் செலவு பிடிக்கும்.

செலவு. சரி. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. உ.வே.சா. சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தபோது அவருக்குக் கறையானோடு சண்டை. அவர் காலத்துக் கறையான் நேர்மையானது. சுவடியைத் தின்றது, பதிலுக்கு உரிம ஒப்பந்தத்தை நீட்டவில்லை.

புத்தகத்துக்கு வந்தால் பிழைக்கலாம் என்று நினைத்தால், அங்கே இன்னும் விசேஷம். 2009 ஜூலையில் அமேசான், தன் வாசகர்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த ஒரு மின்னூலை அவர்களுடைய கிண்டிலிலிருந்து தொலைவில் இருந்தபடியே அழித்தது. விற்றவருக்கு அந்த நூலை விற்கும் உரிமை இல்லையாம். அழிக்கப்பட்ட நூல், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. அரசுக்குப் பிடிக்காத தாளை எல்லாம் நெருப்பில் தள்ளும் ஆட்சியைப் பற்றிய நாவல். உலகத்தில் எத்தனையோ லட்சம் புத்தகம் இருக்க, அழிப்பதற்கு இதைத் தேர்ந்தெடுக்கத் தனி மூளை வேண்டும். வீட்டுப்பாடத்துக்காக அதில் குறிப்பு எழுதி வைத்திருந்த ஒரு மாணவன் வழக்குப் போட்டான். கம்பெனி மன்னிப்புக் கேட்டது.

மன்னிப்புக் கேட்டவர்கள் பிறகு திருந்தினார்களா? 2025 பிப்ரவரி 26இல், வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கி யூ.எஸ்.பி. கம்பி வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே 2019இல், மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. கடையோடு வாங்கிய புத்தகங்களும் மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், உண்மை. சென்னையில் பழைய புத்தகக் கடைகள் இருந்த மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. ஆனால், அங்கே பழைய புத்தகம் வாங்கியவர்களின் வீட்டு அலமாரி எரியவில்லை. முன்னேற்றம் என்றால் இதுதான்.

சரி, இருக்கும் கேமையாவது விளையாடலாம். வெள்ளிக்கிழமை ராத்திரி. சாப்பிட்டாகிவிட்டது. திறக்கிறீர்கள். 'அப்டேட் தேவை.' அறுபது ஜிபி. ஒரு படம் பார்த்து முடிக்கும் நேரம் கழித்து அது இறங்குகிறது. பிறகு மாற்றப்பட்ட விதிமுறைகள் வருகின்றன. கீழ்வரை உருட்டினால்தான் 'சம்மதம்' பொத்தானுக்கு உயிர் வரும். படித்தீர்களா என்று அது கேட்காது, உருட்டினீர்களா என்றுதான் பார்க்கும். சம்மதிக்கிறீர்கள். இப்போது கேம் வருமா? கடை வருகிறது. திரை முழுக்க ஒரு தொப்பி. அறுநூறு ரூபாய். இன்றோடு கடைசி என்று மூலையில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. தொப்பி உங்கள் தலைக்கு என்றாலும் பரவாயில்லை. நீங்கள் நடத்தும் பொம்மையின் தலைக்கு. அந்த பொம்மையும் உங்களுடையது இல்லை. அடுத்தவன் பொம்மைக்கு அடுத்தவன் கடையில் தொப்பி வாங்கிப் போடும் தர்மப் பிரபு நீங்கள்.

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி 2006இல் போட்டாயிற்று. பெதஸ்டா கம்பெனி 'ஆப்ளிவியன்' என்ற கேமில் வரும் குதிரைக்கு ஒரு கவசம் விற்றது. இரண்டரை டாலர். அன்று உலகமே சிரித்தது. சிரித்தவர்கள் வாங்கவும் வாங்கினார்கள். அப்போதே தெரிந்துவிட்டது, இந்த உலகில் குதிரை யார் என்று.

2017இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2'. முழு விலை கொடுத்து வாங்கிய கேமில், டார்த் வேடராக விளையாட வேண்டுமானால் அதற்கு நாற்பது மணி நேரம் உழைக்க வேண்டியிருக்கும் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கம்பெனி அளித்த விளக்கம்: இதெல்லாம் ஆட்டக்காரருக்குப் பெருமையும் சாதித்த உணர்வும் வர வேண்டும் என்பதற்காக. இணையத்தில் அந்த ஒரு பதிலுக்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்பு வாக்குகள் விழுந்து, கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. இதுதான் உண்மையான சாதனை. 2019இல் அதே கம்பெனி பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்தது. கேமுக்குள் விற்கும், காசு போட்டால் உள்ளே என்ன வரும் என்று தெரியாத பெட்டிகள் சூதாட்டம் இல்லையா என்று கேட்டார்கள். இல்லை, அவற்றை 'வியப்பூட்டும் அம்சங்கள்' என்கிறோம் என்றது கம்பெனி. மூன்று சீட்டு விளையாடிப் பிடிபட்ட எவனுக்கும் இந்த வார்த்தை தோன்றாமல் போனது, நம் கல்வித் துறையின் தோல்வி.

சூதாட்டம் என்றதும் நம் அரசாங்கம் ஞாபகத்துக்கு வருகிறது. எனக்கு மட்டுமா?

2023 அக்டோபர் 1 முதல், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களில் வைக்கும் மொத்தத் தொகைக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. ரம்மியில் ஒருவன் தோற்றாலும் ஜெயித்தாலும் அரசுக்கு ஜெயம். அதே காலத்தில் இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில், நெஞ்சுக்கு நேரே, ஒரு பணப் பந்தயச் செயலியின் பெயர் மின்னிக்கொண்டிருந்தது. நாடே எழுந்து நின்று கைதட்டியது. 2025 ஆகஸ்டில் திடீரென்று ஞானோதயம். மக்களவையில் ஒரு நாள், மாநிலங்களவையில் மறுநாள், குடியரசுத் தலைவர் ஒப்புதல் அடுத்த நாள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் அத்தனைக்கும் நாடு முழுக்கத் தடை. குடும்பங்கள் அழிகின்றன என்றார்கள். சரிதான், அழிந்தன. தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் ஒப்பாரி கேட்டது என்று நமக்குத் தெரியும். வரி வசூலித்தபோது அந்த ஒப்பாரி டெல்லி வரை எட்டவில்லை. அடுத்த மாதமே ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கான வரியை 40 சதவீதமாக உயர்த்தியது. தடை செய்த பொருளுக்கு வரியை ஏற்றும் அரசாங்கத்திடம், நாவலாசிரியன் கற்பனையைக் கடன் வாங்க வேண்டும்.

இந்தக் கலாட்டாவில் எங்கள் கூட்டத்துக்கு நேர்ந்தது தனிக் கதை. செய்தித்தாளில் 'ஆன்லைன் விளையாட்டால் இளைஞர் தற்கொலை' என்று வரும். ஆடியது ரம்மி. ஆனால் மறுநாள் காலையில் ஊரில் உள்ள எல்லா அப்பாக்களும் வீடியோ கேம் விளையாடும் பிள்ளையைத்தான் முறைப்பார்கள். பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள். 2021இல் அதுவே பெயர் மாற்றி, பிஜிஎம்ஐ ஆகி வந்தது. 2022இல் அதையும் கடையிலிருந்து தூக்கினார்கள். 2023இல் மூன்று மாதச் சோதனை என்று திரும்ப விட்டார்கள். 2024 ஏப்ரலில், தேர்தல் நேரத்தில், பிரதமரே நாட்டின் முன்னணி கேமர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். கேம் கெட்டதா நல்லதா என்று தெரிய, காலண்டரில் வாக்குப்பதிவு தேதியைப் பார்த்தால் போதும்.

இனி விமர்சகர். இந்த ஊழலைத் தட்டிக் கேட்க வேண்டியவர்.

2007இல் கேம்ஸ்பாட் என்ற அமெரிக்க இணைய இதழில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்ற விமர்சகர் 'கேன் அண்ட் லிஞ்ச்' கேமுக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண் கொடுத்தார். அந்த கேமின் விளம்பரம் அந்த இதழ் முழுக்க அப்பியிருந்த நேரம். அவருக்கு வேலை போயிற்று. விளம்பரம் கொடுத்த கம்பெனியின் அழுத்தம்தான் காரணம் என்று பிற்பாடு அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஆறு மதிப்பெண்ணுக்கு அவ்வளவு கோபமா? நம் பள்ளிக்கூடத்தில் அறுபது சதவீதம் முதல் வகுப்பு.

2010இல் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' வந்தது. விமர்சகர்களின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி போடும் மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால், கேமை உருவாக்கிய ஒப்சிடியன் குழுவுக்குப் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் இல்லை. ஒரே ஒரு மதிப்பெண். இன்றைக்கும் மக்கள் கொண்டாடும் கேம் அது. எங்கோ ஒரு விமர்சகருக்கு அன்று காலையில் காபி சரியில்லாமல் போயிருந்தால்கூட, இன்னொருவர் வீட்டில் அந்த வருடம் பள்ளிக் கட்டணம் தள்ளிப்போயிருக்கும். மதிப்புரைக்கு இவ்வளவு சக்தி கொடுத்தவர்கள், மதிப்புரை எழுதுகிறவனுக்குக் கொடுக்கும் கூலியைக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள்.

'சைபர்பங்க் 2077' இன்னும் ருசி. 2020 டிசம்பரில் வெளியீடு. முன்கூட்டியே விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பை மட்டும் கொடுத்தார்கள். தாங்கள் விளையாடிப் பதிவுசெய்த காட்சிகளைக் காட்டக் கூடாது, கம்பெனி தரும் காட்சிகளைத்தான் காட்ட வேண்டும் என்று நிபந்தனை. புகழ்மாலை குவிந்தது. பழைய பிளேஸ்டேஷனில் வாங்கியவர்களுக்கு மட்டும் கேம் நிமிடத்துக்கொரு தரம் தடுக்கி விழுந்தது. ஒரு வாரத்தில் சோனியே அதைத் தன் கடையிலிருந்து தூக்கிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களுக்குப் புகைப்படத்தை மட்டும் காட்டி, அதையும் நாங்களே எடுத்ததைத்தான் காட்டுவோம் என்றால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். விமர்சகர்கள் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டார்கள்.

நம் இலக்கிய உலகைப் பற்றி நீங்கள் சிரிக்கத் தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன். இங்கே கம்பெனி விளம்பரம் தேவையில்லை. பொன்னாடை போதும். வெளியீட்டு விழாவில் பேசுகிறவர் பின்னட்டையை மேடைக்கு வரும் வழியில் படித்திருப்பார். 'தமிழுக்கு இது புது வரவு' என்பார். எல்லாம் புது வரவுதான், போன வாரம் வரை இல்லையே. பிறகு ஐந்து நட்சத்திரம். நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன். மொய்யை நோட்டில் எழுதி வைத்திருப்பவர்கள் நம் ஆட்கள். தவறாமல் திருப்பிச் செய்வார்கள்.

அடுத்து சொந்தப் பதிப்பு. ஒன்றும் புதிதில்லை. 1908இல் பாரதி தன் 'ஸ்வதேச கீதங்க'ளைத் தானேதான் வெளியிட்டார். 1920இல் தன் எழுத்தையெல்லாம் நாற்பது நூல்களாக, நூலுக்குப் பத்தாயிரம் பிரதி போட வேண்டும் என்று திட்டம் தீட்டி, கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விட்டார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு அவரே இல்லை. பிற்பாடு ஊரெல்லாம் சிலை வைத்தோம். சிலைக்குப் பணம் எப்போதும் கிடைக்கும்.

அதற்குப் பின் வந்த ஏற்பாடு உங்களுக்குத் தெரிந்ததே. எழுத்தாளர் காசு கொடுப்பார், பதிப்பாளர் பெயர் கொடுப்பார். முந்நூறு பிரதியில் நூறு எழுத்தாளரின் கட்டிலுக்கு அடியில். ராயல்டி என்று கேட்டால், "நூலக ஆர்டர் வரட்டும் தம்பி." தம்பிக்குத் தலை நரைத்துவிட்டது. ஆர்டர் வரவில்லை.

இந்தக் கொடுமையிலிருந்து விடுவிக்கத்தான் கிண்டில் வந்தது. பதிப்பாளர் வேண்டாம், காகிதம் வேண்டாம், எழுபது சதவீதம் உங்களுக்கு. கேட்க எவ்வளவு இனிப்பு. இந்தியாவில் விற்கும் புத்தகத்துக்கு அந்த எழுபது வேண்டுமானால், அந்த மின்னூலை உலகில் வேறு எங்கும் விற்க மாட்டேன் என்று தொண்ணூறு நாள் திட்டத்தில் சேர வேண்டும். சொந்தச் சேமிப்பில் வைத்திருக்கும் பிரதியை நண்பருக்கு ஐம்பது ரூபாய்க்கு விற்றாலும் குற்றம். சேராவிட்டால் முப்பத்தைந்து. சுதந்திர எழுத்தாளர் என்பதற்குக் கம்பெனி வைத்திருக்கும் விலை அந்த மிச்ச முப்பத்தைந்து.

திட்டத்தில் சேர்ந்தால் இன்னொரு வரப்பிரசாதம் உண்டு. சந்தாதாரர்கள் படிக்கும் பக்கத்துக்குக் கூலி. 2015 ஜூலையிலிருந்து இப்படித்தான். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு? மாதம் முடிந்த பிறகு சொல்வார்கள். ஒரு மாதம் வேலை பார்த்த கொத்தனாரிடம், "உன் கூலி எவ்வளவு என்று முப்பதாம் தேதிக்குப் பிறகு யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கையில் கரண்டி இருக்கும். எச்சரிக்கை.

காலையில் எழுந்ததும் எழுத்தாளர் அறிக்கைப் பக்கத்தைத் திறக்கிறார். நேற்று படிக்கப்பட்ட பக்கங்கள்: 41. ஒருவரே நாற்பத்தொன்றும் படித்தாரா, நாற்பத்தொரு பேர் ஆளுக்கொன்று படித்து ஓடினார்களா, தெரியாது. ஏன் நிறுத்தினார்கள், தெரியாது. மூன்று வருடம் எழுதிய நாவல் ஒரு எண்ணாகி நிற்கிறது. எழுத்தாளருக்கு அந்த எண்ணைத் தவிர எதுவும் காட்டப்படாது. அப்புறம் மோசடிக்காரர்கள் ஏன் வர மாட்டார்கள்? வந்தார்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு சுட்டி, அழுத்தினால் கடைசிப் பக்கம். இடையில் உள்ள ஆயிரம் பக்கத்தையும் படித்ததாகக் கணக்கு ஏறியது. தன் வாசகர் எந்தப் பத்தியில் கண் கலங்கினார் என்று எழுத்தாளருக்குச் சொல்லத் தெரியாத கருவிக்கு, ஒருவர் படித்தாரா தாவினாரா என்பதும் தெரியவில்லை. எண்ணத் தெரிந்தால் போதும் என்று நினைத்தவர்களை, எண்ணத் தெரிந்தவர்களே ஏமாற்றினார்கள்.

சொற்களையும் விட்டுவைக்கவில்லை. 'கேண்டி க்ரஷ்' நடத்தும் கிங் கம்பெனி, 'கேண்டி' என்ற சொல்லுக்கே வணிகக் குறி கேட்டது. 'பேனர் சாகா' என்று இன்னொருவர் கேமுக்குப் பெயர் வைத்தபோது, 'சாகா' எங்களுடையது என்று ஆட்சேபித்தது. 2014இல் ஊர் சிரித்ததும் அமெரிக்காவில் 'கேண்டி' விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2018இல் சொந்தப் பதிப்புக் காதல் கதை எழுதும் ஒருவர், 'காக்கி' (cocky) என்ற ஆங்கிலச் சொல்லைத் தன் பெயரில் பதிவுசெய்து, தலைப்பில் அதை வைத்த மற்ற எழுத்தாளர்களுக்கு நோட்டீஸ் விட்டார். நீதிமன்றத்தில் நிற்கவில்லை. முதலாளியைப் பார்த்துப் பார்த்து, கூலிக்காரனும் வேலி போடக் கற்றுக்கொண்டான்.

உள்ளே வேலை பார்ப்பவர்கள் நிலைமை நம்மைவிட மேலா? ஜப்பானின் டேங்கோ கேம்வொர்க்ஸ் 'ஹை-ஃபை ரஷ்' என்றொரு கேம் செய்தது. 2024 ஏப்ரலில் பாஃப்டா விருது. மே மாதம் ஸ்டூடியோவுக்குப் பூட்டு. பூட்டியது மைக்ரோசாஃப்ட். அதற்குச் சில மாதம் முன்புதான் 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிசார்டை வாங்கியிருந்தது. பூட்டிய மறுநாள் ஊழியர் கூட்டத்தில், நமக்கு விருதும் மரியாதையும் வாங்கித் தரும் சிறிய கேம்கள் வேண்டும் என்று மேலதிகாரி பேசியதாகச் செய்தி வந்தது. வேண்டும்தான். நேற்று வரை ஒன்று இருந்தது. 2025 ஜூலையில் அதே கம்பெனி சுமார் 9,000 பேரை வீட்டுக்கு அனுப்புவதாக அறிவித்தது. வேலை இழந்தவர்கள் மனச்சுமையைக் குறைக்கச் செயற்கை நுண்ணறிவுடன் பேசலாம் என்று எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தயாரிப்பாளர் ஒருவர் யோசனை எழுதினார், திட்டு விழுந்ததும் அழித்தார். வேலையைப் பிடுங்கியவனிடமே ஒப்பாரி வைக்கச் சொல்லும் கருணை நம் பண்ணையார்களுக்கே வராது.

இதற்கிடையே 'வெண்பா' என்றொரு கேம் 2023இல் வந்தது. டொரன்டோவில் ஒரு சின்னக் குழு செய்தது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்து கறைபட்ட சமையல் குறிப்பு, அடுப்படியில் ஒரு மகனும் தாயும். முதல் சவாலே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாகப் போகும் என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தொப்பி விற்கவில்லை. பெட்டி விற்கவில்லை. சுதந்திர கேம்களுக்கான விழாவில் பெரும் பரிசு, பாஃப்டாவில் சிறந்த முதல் கேம். உலகப் பத்திரிகைகள் எழுதின. தமிழில் இதைப் பற்றி ஒரு முழுப் பக்க விமர்சனத்தை எந்தப் பத்திரிகையில் படித்தீர்கள்? ஞாபகப்படுத்திப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன். நடிகரின் பேரனுக்கு மொட்டை போட்ட படம் மட்டும் நடுப்பக்கத்தில் வந்தது, பார்த்தீர்களா?

வராத அந்த விமர்சனப் பக்கத்தைத்தான் இந்த ராத்திரிக் கூட்டம் சும்மா எழுதிக் கொடுக்கிறது. விளையாடி, அலசி, எழுதி, ஞாயிறன்று தன் நாவலுக்குத் திரும்புகிறது. அதைப் பொழுதுபோக்கு என்கிறோம். கோடிக்கணக்கில் கொட்டி, இரண்டே வாரத்தில் மூடப்பட்ட கேம்களைச் செய்பவர்களைத் தொழிலதிபர்கள் என்கிறோம். சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23இல் பிறந்தது, செப்டம்பர் 6இல் செத்தது. சொந்தக் காசில் முந்நூறு பிரதி போட்டு நஷ்டப்பட்ட எவனும், அதற்காக எவருடைய வேலையையும் பறித்ததில்லை.

இவ்வளவையும் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். கம்பெனியிடமிருந்து வரும், கம்பெனியின் ரசிகரிடமிருந்தும் வரும். "பிடிக்கலேன்னா வாங்காதீங்க." நல்ல யோசனை. ஆனால் ஒன்று. வாங்காதே என்று ஒருவனிடம் சொல்ல வேண்டுமானால், அதற்கு முன் அவனுக்கு எதையாவது விற்றிருக்க வேண்டும்.